விளக்கின் அடியில் ஒரு டைட்டானியத் தகடு

டைட்டானியத்தை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது எங்கள் உலைக்கூடத்தின் முதல் விதி. புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு இது விந்தையாகத் தோன்றும். உப்புக் கடலில் ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் துருப்பிடிக்காத உலோகத்தை ஒரு மனிதனின் விரல் என்ன செய்துவிடும் என்று கேட்பார்கள். விரலில் வியர்வை இருக்கிறது, வியர்வையில் உப்பு இருக்கிறது, குளிர்ந்திருக்கும்வரை அந்த உப்பு உலோகத்தை எதுவும் செய்வதில்லை. ஆனால் அதே உப்போடு தகடு உலைக்குள் போனால், வெப்பம் ஏற ஏற, உப்புப் பட்ட இடத்தில் மட்டும் தகட்டின் மேலுள்ள காப்புப் படலம் குலைந்து உலோகம் அரிக்கத் தொடங்கும். விமானத்துக்குப் போகும் உறுப்பில் அப்படி ஓர் அரிப்பு இருந்தால் அங்கிருந்துதான் விரிசல் புறப்படும். ஆகவே அசிட்டோனால் துடைப்போம், வெள்ளைப் பருத்திக் கையுறை அணிவோம், விளிம்பைப் பிடித்தே எடுப்போம். இந்தப் பழக்கம் எனக்கு வீட்டிலும் தொற்றிக்கொண்டது. சாப்பாட்டுத் தட்டைக்கூட நான் விளிம்பில்தான் பிடிப்பேன் என்று என் மனைவி விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பாள்.

நான் உலோகவியல் படித்தவன். உயர் வெப்பத்தில் டைட்டானியக் கலவைகள் எப்படி ஆக்சிஜனை ஏற்கின்றன என்பதில் முனைவர் பட்டம் பெற்றேன். பின்னர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வெப்பப் பதப்படுத்தும் நிறுவனமொன்றில் ஓய்வுபெறும்வரை பணியாற்றினேன். என் மனைவி ஆவடியில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பித்தாள். சென்ற ஆண்டு, மழைக்காலம் முடியும் தறுவாயில், அவள் இறந்தாள். இங்கே எழுத வந்தது அவளுடைய மரணத்தைப் பற்றியதன்று. எங்கள் பூஜை அலமாரியில் சிறு குத்துவிளக்கின் அடியில் இருந்த ஒரு தகட்டைப் பற்றியது.

அந்தத் தகடு வீட்டுக்கு வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும். ஆயுத பூஜையன்று எங்கள் நிறுவனத்தில் குடும்பத்தினரை உள்ளே அனுமதிப்பார்கள். உலைகளின் கதவுகளில் சந்தனமும் குங்குமமும் பூசி, கைப்பிடிகளில் மாலை தொங்கவிட்டு, பொரியும் கடலையும் பங்கிட்டுத் தருவோம். அந்த ஆண்டு, விடுமுறைக்குப் பின் முதலில் உலைக்குப் போக வேண்டிய சோதனைத் தகடுகளைத் துடைத்து, ஒரு வெள்ளைத் துணியில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தோம். பூஜை நாளில் யார் யாரோ உள்ளே வருவார்கள் என்பதை மறந்து திறந்த மேசையில் வைத்துவிட்டது எங்கள் கூட்டுத் தவறு. உலைக்கே சந்தனம் பூசுகிறவர்களுக்கு விரலின் உப்பைப் பற்றிய நினைவு எப்படி வரும்?

என் மனைவி அந்த மேசையருகே நின்றிருந்திருக்கிறாள். ஒரு தகட்டை எடுத்துக் கையில் நிறுத்துப் பார்த்திருக்கிறாள். அன்று மாலை வீடு திரும்பும்போது, "ஏங்க, அது இரும்பு மாதிரி இருக்கு, ஆனா கையில எடுத்தா அப்பளம் மாதிரி இருக்கே" என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

விடுமுறைக்குப் பிறகு தகடுகளைக் கம்பியில் கோத்துத் தொங்கவிட்டு உலைக்குள் அனுப்பினோம். அவற்றை வெளியே எடுத்தவர் அப்போது எனக்கு உதவியாளராக இருந்த இளைஞர். எல்லாத் தகடுகளும் ஒரே சீராக நீலமேறியிருந்தன. ஒன்றில் மட்டும், நடுவில், வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு கட்டைவிரல் ரேகை, வளையம் வளையமாக.

"சார், யாரோ கைநாட்டு வெச்சிட்டுப் போயிருக்காங்க" என்றார் அவர். "நம்ம கம்பெனில கையெழுத்துப் போடத் தெரியாத ஆளு யாரு சார்?"

நான் அதை விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தேன். ரேகையைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கோடு ஓடியது. அது யாருடைய விரல் என்பதற்கு எனக்கு வேறு சான்று வேண்டியிருக்கவில்லை. எங்களுக்குத் திருமணமான புதிதில் அவள் அரிவாள்மணையில் வெட்டிக்கொண்ட தழும்பு அது. "எங்க வீட்டுக் கணக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னேன். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

அந்தத் தகட்டைக் கழிவில் சேர்த்தோம். கழிவானதால் அதை வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தது. அவளிடம் காட்டியபோது வெகுநேரம் சிரித்தாள். பிறகு ஆசிரியைக்கே உரிய முறையில் விசாரணை தொடங்கியது.

"இந்த நீலம் எங்கேருந்து வந்துது? சாயம் போட்டீங்களா?"

"சாயம் இல்ல. மேல ஒரு படலம் வளர்ந்திருக்கு. அதுக்கு நிறமே கிடையாது, கண்ணாடி மாதிரி. அதோட மேல்பரப்புல பட்டுத் திரும்புற ஒளியும் அடிப்பரப்புல பட்டுத் திரும்புற ஒளியும் சேரும்போது நீலமாத் தெரியுது. படலம் கொஞ்சம் மெலிசா இருந்தா பொன்னிறம்."

"அப்ப நீலம்னு ஒண்ணு அதுல இல்லவே இல்லையா?"

"இல்ல. தடிமன்தான் இருக்கு."

"இல்லாத ஒண்ணு மேல என் விரல் பதிஞ்சிருக்காக்கும்" என்றாள். பிறகு தன் மோதிரப் பெட்டியின் உள்ளிருந்த சிவப்பு வெல்வெட் துணியைக் கத்தரித்துத் தகட்டின் பின்பக்கத்தில் பசைபோட்டு ஒட்டினாள். அலமாரிப் பலகையில் கீறல் விழக் கூடாதாம். அதன்மேல் குத்துவிளக்கை வைத்தாள். எண்ணெய் வழிந்தால் பலகையில் ஊறாமல் தகட்டில் நிற்கும். வெள்ளிக்கிழமைகளில் அவளே ஒரு மெல்லிய துணியால் அதைத் துடைத்து வைப்பாள். அந்த அலமாரியைப் பிறர் சுத்தம் செய்ய அவள் விட்டதேயில்லை.

அவள் போன பிறகு அந்தத் துடைக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். துடைத்தபின் விளக்கை வைப்பதற்கு முன், தகட்டைச் சன்னலுக்கு நேரே சாய்த்து, ரேகையும் தழும்பும் தெரிகின்றனவா என்று பார்ப்பேன். தெரியும். பார்த்துவிட்டு விளக்கை வைப்பேன். வானகரத்தில் அடுக்ககத்தில் வசிக்கும் எங்கள் மகள் ஒருமுறை அதைக் கவனித்துவிட்டு, "அப்பா, நீங்க அழவே இல்லையேப்பா" என்றாள். காபி ஆறுகிறது என்றேன்.

முதலாண்டுத் திதி நெருங்கியபோது மகளின் ஏற்பாட்டில் வீடு முழுவதும் சுத்தம் செய்யப்பட்டது. ஆவடியை அடுத்த கோவில்பதாகையில் நாங்கள் குடியேறிய நாள் முதலாக வேலைக்கு வரும் பெண்மணி, காலையிலேயே பூஜைச் சாமான்கள் அனைத்தையும் இறக்கிக் கொல்லையில் குழாயடியில் பரப்பிவிட்டார். நான் சாஸ்திரிகளைப் பார்க்க ஆவடிக்குப் போயிருந்தேன். திரும்பியபோது விளக்குகள் எல்லாம் வெயிலில் பொன்னாக மின்னிக்கொண்டிருந்தன. அவற்றின் ஓரத்தில், வெள்ளியைப் போல வெளுத்து, ஒரு தகடு.

"எல்லாத்தையும் பளபளன்னு ஆக்கிட்டேன் சார்" என்றார் அவர் பெருமையோடு. "அந்தச் சின்ன வெளக்குக்கு அடில கீதே, அந்தத் தகடு, அதான் பேஜார் பண்ணிச்சு. இன்னா கறை சார் அது? நீலமாப் புடிச்சிக்கினு, நடுவுல வேற திட்டு. போவவே மாட்டேன்ட்டுது."

"என்ன போட்டுத் தேச்சேம்மா?"

"புளியும் உப்பும் போட்டுப் பாத்தேன். அசையல. அப்பால பாத்திரப் பவுடரு போட்டு, கம்பி நாரால ஒரு புடி புடிச்சேன். வந்துச்சு."

உப்பு என்ற சொல்லைத்தான் என் மனம் முதலில் பற்றிக்கொண்டது. டைட்டானியத்தில் உப்பு! பணியில் இருந்தபோது அந்தச் சொல்லுக்கு எழுந்து நிற்கும் உடம்பு இப்போதும் ஒரு கணம் விறைத்தது. மற்றது அதன் பிறகே உள்ளே வந்தது. தகட்டை எடுத்து, விளிம்பைப் பிடித்து, வெயிலில் இப்படியும் அப்படியும் சாய்த்தேன். கம்பி நாரின் வட்டக் கீறல்கள் தவிர வேறொன்றும் இல்லை. பிறகு நான் செய்ததை எந்த உலோகவியலாளனும் செய்ய மாட்டான். குழாயடியின் சிமென்ட் தரையிலும், கம்பி நாரின் இழைகளுக்கிடையிலும் நீலப் பொடி எங்காவது ஒட்டியிருக்கிறதா என்று தேடினேன். நீலம் என்று ஒன்று அதில் இல்லை என்பதை அவளுக்குச் சொன்னவன் நானே.

"இன்னா சார், எதுனா தப்பாப் பண்ணிட்டேனா?"

"இல்லம்மா. ஒண்ணுமில்ல" என்றேன்.

மாலையில் மகளிடம் தொலைபேசியில் சொல்லியிருக்கக் கூடாது. அவள் அந்தப் பெண்மணியை அழைத்துப் பேசிவிட்டாள். மறுநாள் அவர் வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை.

"பாப்பா சொல்லிச்சு சார். அது அம்மா கை வெரலுன்னு எனக்கு இன்னா தெரியும்? தெரிஞ்சிருந்தா நான் தொடுவனா? அம்மா இந்த ஊட்ல எனக்கு எம்மாஞ் செஞ்சிருக்கு. ராத்திரி சோறு எறங்கல சார்."

"உள்ள வாம்மா."

"நீ ரெண்டு வார்த்தை திட்டிட்டின்னா கூடத் தேவல. இப்டி ஒண்ணும் சொல்லாம நின்னுக்கினா எனக்குத்தான் கஷ்டமா கீது."

திட்டுவதற்கு எனக்கு வரவில்லை. ஒன்றும் போகவில்லை, பரிசோதனைச் சாலையில் பார்த்தால் தெரியும் என்று சொன்னேன். அவரைத் தேற்றுவதற்காகச் சொன்னதுதான், ஆனால் சொன்னவுடன் அது எனக்கே ஒரு வழியாகத் தோன்றியது. கீறி நீங்கியது படலம். உப்பு அரித்தது உலோகத்தை. படலம் போனாலும், அரிப்பின் குழிகள் அடியில் எஞ்சியிருக்கலாம். என் தொழில் முழுவதும் எந்தக் குழிகள் இருக்கக் கூடாது என்று நுண்ணோக்கியில் தேடினேனோ, அவை இந்த ஒரு தகட்டில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

என் முன்னாள் உதவியாளர், அன்று கைநாட்டு என்று கேலி செய்தவர், இப்போது திருமழிசை தொழிற்பேட்டையில் ஓர் ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பாளர். தலை முழுவதும் வழுக்கை. தகட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பூந்தமல்லியில் பேருந்து மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

"ஒரு போன் பண்ணியிருந்தா நானே வந்திருப்பேனே சார்" என்றபடி எழுந்து வந்தவர், கைக்குட்டையைப் பிரித்ததும் தகட்டின்மேல் குனிந்தார். நடந்ததைச் சொன்னேன்.

"அம்மா வெரல் பட்ட அந்தத் தகடா சார்?"

"ஆமா."

அவர் கையுறை அணிந்துகொண்டார். தகட்டை நுண்ணோக்கியின் அடியில் வைத்து, ஒளியைத் தாழ்வாக, பக்கவாட்டில் விழுமாறு திருப்பினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு எனக்கு இடம் விட்டார். வட்ட வட்டமான கீறல்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஓடின. அவற்றுக்கிடையே, ஆங்காங்கே, கருநிறப் புள்ளிகள். சில புள்ளிகள் ஒரு வளைவில் வரிசையாக இருப்பதைப் போலத் தோன்றியது. கண்ணை எடுத்துவிட்டு மீண்டும் பார்த்தால் அந்த வரிசை கலைந்துவிட்டது. தழும்பின் கோடு எங்கும் இல்லை.

"ரேகை மாதிரிதான் சார் தெரியுது" என்றார் அவர்.

அவருடைய பழைய அறிக்கைகளில் 'மாதிரி' என்ற சொல் வரும் இடங்களையெல்லாம் நான் சிவப்பு மையால் அடித்திருக்கிறேன். அது அவருக்கும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். என்னைப் பார்க்காமல் ஒளியைச் சரிசெய்தார்.

"ஒண்ணு செய்யலாம் சார். திரும்ப ஒரு தடவை உலைல வெச்சுப் பாக்கலாம். அரிச்ச எடத்துல படலம் வேற மாதிரி வளரும். மத்த எடம் நீலமாகும், ரேகை தனியாத் தெரிஞ்சாலும் தெரியும். இன்னிக்கு ஒரு லோடு போகுது. ஓரமா எடம் இருக்கு."

தெரிந்தாலும் தெரியும். தெரியாமலும் போகும். இரண்டாம் முறை வெப்பத்தில் படலம் எங்கும் தடித்துச் சாம்பல் நிறமாகி, குழிகளையும் சேர்த்து மூடிவிடலாம். கீறல்களுக்குள் புளியும் உப்பும் எவ்வளவு மீந்திருக்கின்றன என்பதும் தெரியாது. கழுவித்தான் வைப்போம், ஆனாலும் அவை அரித்தால் வெளிவரப்போவது அவளுடைய விரலன்று, கம்பி நாரின் வட்டங்கள். அதைவிட ஆழமான ஒன்றும் உண்டு. மிகுந்த வெப்பத்தில் டைட்டானியம் தன்மேல் வளர்ந்த ஆக்சைடுப் படலத்திலிருந்தே ஆக்சிஜனை உள்ளிழுத்துக்கொள்ளும். மேற்பரப்பின் அடியில் ஒரு கடினமான, நொறுங்கக்கூடிய அடுக்கு உருவாகும். வெளியே பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. வளைத்தால்தான் உடையும். இவையனைத்தும் எனக்குத் தெரியும். தெரிந்தே, "சரி, வெச்சுப் பாப்போம்" என்றேன். வீட்டுக்குத் திரும்பி வெள்ளிக்கிழமை சன்னலோரம் நின்று, வெறும் கீறல்களைச் சாய்த்துப் பார்ப்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

"பின்னாடி துணி இருக்கே சார். அதோட உள்ள போகாது. எடுத்துடட்டா?"

அந்த வெல்வெட்டை நான் மறந்திருந்தேன். தேய்த்தபோது நனைந்து ஓரம் சுருங்கியிருந்தது. ஒரு மூலையில் கத்தரி தவறிய இடம் அப்படியே இருந்தது. அதுவும் அவள் கைவேலைதான். அவளுடைய ஒன்றைத் திரும்பப் பெற, அவளுடைய மற்றொன்றைப் பிய்க்க வேண்டும்.

"நானே எடுக்கறேன்" என்றேன்.

அவர் ஒரு ஜோடிக் கையுறையையும் அசிட்டோன் புட்டியையும் என்முன் வைத்துவிட்டுச் சற்று விலகி நின்றார். பஞ்சில் தொட்டு ஓரத்தில் வைத்தேன். பசை இளகியது. கிழியாமல் எடுக்க வேண்டும் என்பதில் மட்டுமே கவனமாக இருந்தேன். துணி மெல்ல மெல்ல உரிந்து முழுதாக வந்தது. அதைத் தனியே ஒரு காகிதத்தில் வைத்துவிட்டு, எஞ்சிய பசையைத் துடைத்தேன். பஞ்சின் அடியிலிருந்து நீலம் வந்தது.

பதப்படுத்திய அன்றிருந்த அதே நீலம். காற்றும் வெளிச்சமும் கம்பி நாரும் படாத நீலம். அதன் நடுவே, சற்றுச் சாய்வாக, வெளிறிய சாம்பல் நிறத்தில் ஒரு ரேகை. கட்டைவிரலைவிட ஒடுங்கியது, நீண்டது.

"ஆள்காட்டி விரல் சார்" என்றார் அவர். பிறகு கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத அதைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு தகட்டை யாரும் கட்டைவிரலால் மட்டும் பிடிப்பதில்லை. இது அறிவியல் அன்று, எவருக்கும் தெரிந்தது. ஆனால் சோதனைக்கூடத்தின் வழக்கம் வேறு. தகட்டை ஒதுக்க ஒரு குறை போதும், இரண்டாவது குறையை யாரும் தேடுவதில்லை. முன்பக்கத்தைப் பார்த்தோம், சிரித்தோம், கழிவில் சேர்த்தோம். வீட்டில் அவளும் முன்பக்கத்தையே பார்த்துச் சிரித்தாள். பின்பக்கத்தில் தன் விரல் இருப்பதை அறியாமலே அதன்மேல் துணியை ஒட்டினாள். இத்தனை ஆண்டுகளும் விளக்கின் எடையைத் தாங்கிக்கொண்டு அது அங்கே இருந்திருக்கிறது.

உலைப் பக்கமிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். "சார், கதவு மூடப்போறேன். பீஸு எதுனா வருதா?"

பொறுப்பாளர் என்னைப் பார்த்தார்.

"வராது" என்றேன். "மூடச் சொல்லுங்க."

உலைக்கதவு இறங்கும் ஓசை கேட்டது. அவர் நுண்ணோக்கியில் சில படங்கள் எடுத்து என் மகளுக்கு அனுப்பினார். நான் பூந்தமல்லிப் பேருந்தில் உட்கார்ந்திருந்தபோது அவள் அழைத்தாள். "அப்பா" என்றாள். நடத்துநர் சில்லறைக்காகக் கத்திக்கொண்டிருந்தார். "என்னப்பா சத்தம்?" என்று கேட்டாள். "பஸ்" என்றேன். கைக்குட்டையால் முகத்தைத் துடைக்க முடியவில்லை, அதில் தகடு இருந்தது.

அந்தப் பெண்மணி வீட்டு வாசலில் காத்திருந்தார். "இன்னா சார், அம்மா வெரலு கீதா?"

"இருக்கு. வேற பக்கம்."

சன்னலோரம் கொண்டுபோய்ச் சாய்த்துக் காட்டினேன். முதலில் அவருக்குத் தெரியவில்லை. பிறகு, "அய்ய, ஆமா சார். வெரலு!" என்றார். கையைப் புடவையில் நன்றாகத் துடைத்துக்கொண்டு, தகட்டைத் தொடாமல், தன் விரலை அதன் பக்கத்தில் நீட்டி அளவு பார்த்தார். "அம்மாக்கு சன்ன வெரலு."

புதிதாகப் பசை வாங்கி வைத்திருந்தேன். வெல்வெட்டை, கத்தரி தவறிய மூலை பழைய இடத்திலேயே அமையுமாறு, பின்பக்கத்தில் ஒட்டினேன்.

"ஐயோ, மூடிட்டா அப்பால எப்டி சார் பாப்ப? இந்தப் பக்கத்த மேல வெச்சிக்கினா இன்னா?"

"இத்தனை வருஷமும் மூடினதாலதாம்மா இருந்துது."

தகட்டை அலமாரியில் வைத்தேன். கீறிய பக்கம் மேலே வெண்மையாக இருந்தது. அதுவும் வெறும் உலோகம் அன்று. டைட்டானியத்தைக் கீறினால் அந்தக் கணமே அதன்மேல் புதிய படலம் ஒன்று வளர்ந்துவிடும். நிறம் காட்டாத அளவுக்கு மெல்லியது, எந்த உலையும் அதற்குத் தேவையில்லை. விளக்கை அதன்மேல் வைத்தேன்.

திதி முடிந்த மறுவாரம், வியாழக்கிழமை, அந்தப் பெண்மணி விளக்குகளை இறக்கிக்கொண்டிருந்தார். தகட்டுக்கு வந்ததும் கை நின்றது. விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்து, என் பக்கம் திரும்பினார்.

"இத்தையும் தேய்க்கட்டா சார், வாணாவா?"

எண்ணெய் வழிந்து அதன்மேல் திட்டாகப் படிந்திருந்தது.

"தேய்ம்மா" என்றேன். "துணி நனையாமப் பாத்துக்கோ."